படியும் போலியும்: அஜந்தா ஓவியங்களிலிருந்து சிவபுரம் நடராசர் வரை

1866ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, லண்டனுக்குத் தெற்கே சிடன்ஹாமில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் கட்டடத்தின் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்தது. எரிந்துபோனவற்றுள் அஜந்தாக் குகை ஓவியங்களைப் பார்த்து வரையப்பட்ட பெரிய எண்ணெய் வண்ணச் சீலைகளும் இருந்தன. சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்பாட்டின்படி 1844ஆம் ஆண்டில் அஜந்தாவுக்குச் சென்று, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்தக் காட்டுப் பள்ளத்தாக்கின் அருகிலேயே வாழ்ந்து, குகைக்குள் வரும் மங்கிய வெளிச்சத்தில் வரைந்த படிகள் அவை. ஒரு சில தவிர மற்றவை சாம்பலாயின. மூல ஓவியங்களுக்கு அந்தத் தீயால் எந்தக் கேடும் நேரவில்லை. அவை ஆயிரக்கணக்கான கல் தொலைவில், சகியாத்திரி மலைச்சரிவில் தாம் தோன்றிய சுவர்களிலேயே இருந்தன. ஆனாலும் அன்று ஈடுசெய்ய முடியாத ஒன்று அழிந்தது என்றே கலை வரலாற்றில் எழுதப்படுகிறது.

அது எப்படி? மூலம் இருக்கும்போது படி எரிவதில் என்ன இழப்பு? புகழ்பெற்ற கலைப்படைப்புகளைப் பார்த்து வரைவதும் வார்ப்பதும் தகுமா, அதற்கு மதிப்பு உண்டா என்று கேட்பவர்கள், மூலம் மாறாமல் நிற்கும் பொருள் என்றும், படி அதன் நிழல் என்றும் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அஜந்தாவின் கதை அந்த எண்ணத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது. அந்தச் சுவர்களில் உள்ளவை ஈரச் சுண்ணத்தில் ஊறிக் கெட்டிப்பட்ட ஓவியங்கள் அல்ல; மண்ணும் நாரும் உமியும் கலந்த பூச்சின்மேல், காய்ந்த பரப்பில், பசை சேர்த்த வண்ணங்களால் எழுதப்பட்டவை. ஈரமும் வௌவால் எச்சமும் பூச்சிகளும் கைநகங்களும் அவற்றை உதிர்த்துக்கொண்டே வந்தன. 1819ஆம் ஆண்டு ஜான் ஸ்மித் என்ற படை அதிகாரி வேட்டையின்போது இக்குகைகளைக் கண்டு வெளியுலகுக்குச் செய்தி பரவிய பிறகு, வந்தவர்கள் சிலர் ஓவியத் துண்டுகளைப் பெயர்த்தும் எடுத்துச் சென்றார்கள். ஆகவே 1850இல் இருந்த சுவர் 1900இல் இல்லை. 1900இல் இருந்த சுவர் இன்று இல்லை. கில் வரைந்த சீலை ஒன்று எரிந்தபோது, அந்தச் சுவர் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சியம் எரிந்தது. படியின் முதல் மதிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன்: மூலம் முதுமை அடைகிறது, படி அதன் ஒரு வயதைப் பிடித்து வைக்கிறது.

ஓலைச்சுவடிகளால் வாழ்ந்த தமிழுக்கு இது புதிய செய்தி அன்று. பனையோலை நெடுங்காலம் தாங்காது. சில நூற்றாண்டுகளில் செல்லரித்தும் ஒடிந்தும் போய்விடும். சங்கப் பாடல்கள் நம் கையில் இருப்பதற்குக் காரணம், பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக ஏடு பெயர்த்து எழுதியதுதான். முதல் ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. படிகளின் படிகள் மட்டுமே உள்ளன. அவர்களை யாரும் போலி செய்தவர்கள் என்று சொல்வதில்லை. 'படி' என்ற சொல்லும் 'போலி' என்ற சொல்லும் தமிழில் தனித்தனியாக நிற்பது வீணாக அன்று; இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் அந்த இரு சொற்களுக்கு இடையே உள்ள தொலைவைப் பற்றியதே.

கில்லின் உழைப்பு எரிந்த பிறகு, பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியின் ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை தம் மாணவர்களை அழைத்துச் சென்று மீண்டும் படி எடுத்தார். சுமார் 300 ஓவியங்கள் உருவாயின. அவை லண்டனில் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. 1885இல் அங்கும் தீப்பிடித்து அவற்றுள் பல அழிந்தன. எஞ்சியவை இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமை. இரண்டு தீக்களும் தொலைவில் இருந்த ஒரே மூலத்தின் படிகளைத் தேடி வந்து எரித்ததைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. கிரிஃபித்ஸ் 1896, 1897ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் காரணமாக அவர் பெயர் நிலைத்தது. ஆனால் குகைக்குள் ஆண்டுக்கணக்கில் தூரிகை பிடித்தவர்கள் பெஸ்தோன்ஜி பொமன்ஜி போன்ற இந்திய மாணவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் பொதுமக்களின் நினைவில் இல்லை. படியெடுப்பவனுக்குப் பெயர் எதற்கு என்ற நினைப்பு அன்று இயல்பாக இருந்தது. எனக்கு அது சிறிய அநீதியாகத் தோன்றவில்லை. படியும் ஒரு மனிதரின் கண்ணும் கையும் செய்த வேலை என்பதை ஒப்புக்கொண்டால், அந்த மனிதரின் பெயரும் அதோடு நிற்க வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். படி எடுக்க வந்தவர்கள் மூலத்துக்குத் தீங்கும் செய்தார்கள். இருட்டில் மங்கித் தெரிந்த வண்ணங்கள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவரின்மேல் வார்னிஷ் பூசினார்கள். பூசிய நாளில் ஓவியம் பளிச்சென்று தெரிந்திருக்கும்; ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு மஞ்சளாகிப் பழுப்பேறி, தூசியையும் பிடித்துவைத்து, ஓவியத்தை முன்னைவிட இருளாக்கியது. பின்னர் ஹைதராபாத் நிஜாம் அரசு 1920களின் தொடக்கத்தில் இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்துச் செய்த பாதுகாப்பு வேலையில் பயன்பட்ட அரக்குப் பூச்சும் அவ்வாறே நிறம் மாறியது. அந்தப் படலங்களை மெல்ல மெல்ல நீக்கும் வேலையைத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். படியெடுத்தலின் அறத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஏமாற்றுதல், பதிப்புரிமை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றுக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி, படி எடுக்கும் செயல் மூலத்தைத் தொடுகிறதா என்பது. நல்ல நோக்கத்தோடு, பெரும் உழைப்போடு, உண்மையான அன்போடு படி எடுத்தவர்களே அஜந்தாவின் சுவர்களைக் கருக்கினார்கள். நோக்கம் தூய்மையானது என்பது போதாது.

மூன்றாவது முயற்சி இவற்றிலிருந்து வேறுபட்டது. கிறிஸ்டியானா ஹெர்ரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர் 1909 முதல் 1911 வரை இரண்டு குளிர்காலங்களில் அஜந்தாவில் தங்கிப் படி எடுத்தார். அவர் தற்செயலாக அங்கு வந்தவர் அல்லர். இத்தாலியின் பழைய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். முட்டைக்கருவில் வண்ணம் குழைத்து எழுதும் பழைய முறையை, அந்தக் கால ஓவியங்களைப் பார்த்து வரைந்து வரைந்தே மீட்டெடுத்தவர். படியெடுத்தலை அவர் ஆராய்ச்சி முறையாகவே பயின்றிருந்தார். அவரோடு வேலை செய்தவர்களுள் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அகமதுவும் முகமது பஸலுத்தீனும் இருந்தார்கள். சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால், கல்கத்தாவிலிருந்து அவனீந்திரநாத் தாகூர் தம் மாணவர்களை அனுப்பினார்: நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, மைசூரிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த வெங்கடப்பா. 1915இல் லண்டன் இந்தியா சொசைட்டி அப்படிகளை நூலாக வெளியிட்டது.

கில், கிரிஃபித்ஸ், ஹெர்ரிங்ஹாம் ஆகிய மூவரின் குழுக்களும் ஒரே சுவரின் முன்னால் நின்றன. ஆனால் ஒரே ஓவியத்தின் மூன்று படிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மூன்று அஜந்தாக்கள் தெரியும். கில்லின் கை எண்ணெய் வண்ணத்தின் கனத்தோடு, ஐரோப்பிய வரலாற்று ஓவியத்தின் தோரணையைத் தருகிறது. கிரிஃபித்ஸின் மாணவர்கள் கலைப் பள்ளியில் கற்ற ஒளி நிழல் முறையை விட முடியாமல், உருவங்களுக்கு ஒரு பருமனைக் கொடுக்கிறார்கள். சுவர் பெயர்ந்த இடங்களைப் பெயர்ந்தவாறே காட்டியது அவர்களுடைய நேர்மை. ஹெர்ரிங்ஹாமின் குழு கோட்டைப் பிடித்துக்கொண்டது. புருவத்திலிருந்து மூக்குக்கு இறங்கும் ஒரே இழுப்பும், விரல் நுனி வளையும் விதமும் அவர்களுக்கு முதன்மையாகத் தெரிந்தன. சில இடங்களில் சிதைவுகளை மறைத்து ஓவியத்தை முழுமைப்படுத்தவும் அவர்கள் முற்பட்டார்கள். ஆகவே படி ஒவ்வொன்றும் மூலத்தைப் பற்றிய ஒரு வாசிப்பு. உரையாசிரியர்கள் ஒரே குறளுக்கு வெவ்வேறு பொருள் காண்பதைப் போல, படியெடுப்பவரும் எதை ஓவியம் என்றும் எதைக் கறை என்றும் கொள்வது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவெடுக்கிறார். ஒளிப்படம் வந்த பிறகு கைப்படிக்கு என்ன தேவை என்று கேட்பவர்களுக்கு இதுவே மறுமொழி. ஒளிப்படம் கறையையும் கோட்டையும் ஒன்றுபோலப் பதிவு செய்யும். மனிதக் கை அவற்றைப் பிரித்துச் சொல்லும். தவறாகவும் சொல்லக்கூடும். அதனால் இரண்டும் வேண்டும். ஹைதராபாத் அரசின் தொல்லியல் துறைத் தலைவர் குலாம் யஸ்தானி 1930 முதல் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்ட ஒளிப்படத் தொகுதிகள் கைப்படிகளைப் பயனற்றவை ஆக்கிவிடவில்லை. அவற்றைச் சரிபார்க்கும் வழியைத் தந்தன.

அந்தக் குகைகளில் நந்தலால் போஸுக்கு நிகழ்ந்ததுதான் இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் பகுதி. அப்போது அவர் முப்பது வயதைத் தொடாத இளைஞர். சுவரில் இருந்த கோட்டைத் தம் கையால் மறுபடி இழுக்கும்போது, 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஓவியனின் தோள் எப்படி அசைந்தது, மூச்சு எங்கே நின்றது என்பதை உடலால் கற்றார். பின்னாளில் அவர் சாந்திநிகேதனில் சுவரோவியம் கற்பித்தபோதும், 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக உழவரையும் தச்சரையும் மேளக்காரரையும் தீட்டியபோதும், தம் மாணவர்களோடு இந்திய அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அணி செய்தபோதும், அந்தக் கோட்டின் உறுதி அவர் கையில் இருந்தது. ஹரிபுரா ஓவியங்களில் அஜந்தாவின் உருவம் ஒன்றுகூட இல்லை. அஜந்தாவின் கை இருக்கிறது. படியெடுத்துப் பழகுபவன் சொந்தமாக எதையும் படைக்கமாட்டான் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

ஐரோப்பாவிலும் இதுவே வழக்கம். 1628ஆம் ஆண்டு மாட்ரிட் சென்ற ரூபன்ஸ், ஐம்பது வயதை எட்டிப் பெரும்புகழ் பெற்றுவிட்ட நிலையில், அரசருடைய தொகுப்பில் இருந்த டிஷியனின் ஓவியங்களை மாணவனைப் போல உட்கார்ந்து வரைந்தார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே படியெடுக்கும் ஓவியர்களை உள்ளே அனுமதித்து வருகிறது. அங்குள்ள விதிகள் இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு நெருக்கமானவை: படியின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக்கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது, முடிந்த ஓவியத்தின் பின்புறம் அருங்காட்சியகத்தின் முத்திரை இடப்படும். வண்ணம், கோடு, அமைப்பு ஆகியவற்றில் ஓவியர் எவ்வளவு நெருக்கமாகச் சென்றாலும் லூவ்ர் தடுப்பதில்லை. பின்னொரு நாளில், ஓவியரும் இறந்து, அதை வாங்கியவரும் இறந்து, அந்தச் சீலை ஏதோ ஒரு சந்தையில் தனியாகக் கிடக்கும்போதும் தன்னைப் பற்றி உண்மை சொல்லும் ஆற்றல் அதற்கு இருக்க வேண்டும் என்பதே அந்த விதிகளின் நோக்கம். மிக நுட்பமான சிந்தனை இது. படி எடுப்பவரின் நேர்மை அவர் ஆயுளோடு முடிந்துவிடும். பொருளில் பதிந்த செய்தி அதற்குப் பிறகும் பேசும்.

பொருளில் அந்தச் செய்தி இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் சான்று. 1951ஆம் ஆண்டு அவ்வூரில் நிலத்தைத் தோண்டியபோது சோழர்காலச் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர். அரசு அவற்றை ஊர்க் கோயிலிடமே ஒப்படைத்தது. பழுது பார்ப்பதற்காக 1954இல் அவை ஒரு ஸ்தபதியிடம் கொடுக்கப்பட்டன. பழுது பார்த்ததாகத் திரும்பி வந்த நடராசர், மூலத்தைப் பார்த்துப் புதிதாக வார்க்கப்பட்டவர். மூலவார்ப்பு விற்கப்பட்டு, கைமாறி, பம்பாயில் ஒரு தனியாரின் தொகுப்பை அடைந்தது. ஊரில் யாருக்கும் ஐயம் எழவில்லை. 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது புதிது, பழையது பம்பாயில் இருக்கிறது என்று எழுதிய பிறகே செய்தி வெளிப்பட்டது. அதற்குப் பிறகும் சிலை நாட்டைவிட்டு வெளியேறியது. 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை அதை நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து ஏறத்தாழ 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 10 ஆண்டுகள் அங்கே காட்சியில் இருந்த பின் சிலை 1986இல் இந்தியாவுக்குத் திரும்பியது.

இந்த நிகழ்வில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய நடராசரைப் பார்த்துப் புதிய நடராசரை வார்ப்பது குற்றம் அன்று. காவிரிக் கரையில் அது நாள்தோறும் நடக்கும் தொழில். கோயிலையும் ஊரையும் பல ஆண்டுகள் நம்பவைக்கும் அளவுக்கு அந்த வார்ப்பு நன்றாக அமைந்திருந்தது; கைத்திறனிலும் குறை இல்லை. அதே வார்ப்பு, 'சிவபுரம் நடராசரைப் பார்த்து இந்த ஆண்டு செய்யப்பட்டது' என்ற ஒரு வரியோடு வந்திருந்தால், அதைச் செய்தவரின் வித்தையை எல்லோரும் புகழ்ந்திருப்பார்கள். செப்பும் மெழுகும் கையும் ஒன்றே. அந்த ஒரு வரி இல்லாமையால் படி போலியாகிவிட்டது, போலி ஒரு களவின் திரையாகிவிட்டது. எனவேதான், ஒரு படியின் அறத்தை அந்தப் பொருளை மட்டும் உற்றுப் பார்த்து அறிய முடியாது என்கிறேன். அது எந்தச் சொல்லோடு கை மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதே பொய் தலைகீழாகவும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி 100 ஆண்டு கடந்த சிற்பத்தை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. ஆகவே கடத்தல்காரர்கள் பழைய திருமேனியைப் புதிய கைவினைப் பொருள் என்று ஆவணத்தில் எழுதி, புதிதாக வார்த்த சிலைகளோடு கலந்து அனுப்பும் வழியைக் கையாண்டிருக்கிறார்கள். அங்கே மூலம் படி என்ற வேடத்தில் எல்லை கடக்கிறது. இந்த முறைகேட்டின் சுமை, நேர்மையாகத் தொழில் செய்யும் சுவாமிமலைக் கைவினைஞர்களின் தலையிலும் விழுகிறது. தாம் செய்த சிலை தொன்மையானது அன்று என்று அவர்கள் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. திறமை கூடக் கூட ஐயமும் கூடுகிறது. பழையது போலவே செய்யத் தெரிந்தவர் என்பதே ஒருவருக்கு இடையூறாகிறது.

பதிப்புரிமைச் சட்டம் இவ்விடத்தில் அதிகம் உதவாது. இந்தியாவில் ஓவியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் கடந்தால் அவர் படைப்பு பொதுவுடைமை. அதை யாரும் வரையலாம், விற்கலாம். சோழச் சிற்பிக்கோ அஜந்தா ஓவியனுக்கோ அந்த உரிமை எழுவதே இல்லை. வாழும் ஓவியரின் படைப்பை அவர் இசைவின்றி விற்பனைக்கு வரைவது அவர் பிழைப்பில் கைவைப்பது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்றபடி சட்டம் யார் வரையலாம் என்பதைச் சொல்லும். வரைந்ததை என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி வேறு.

இங்கே ஸ்தபதிகளின் மரபைப் பற்றி விரிவாகச் சொல்வது பொருந்தும், ஏனெனில் 'மூலம்' என்ற கருத்தையே அது வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது. நடராசர் வார்க்க முனையும் சிற்பிக்கு முன்னால் தனியொரு பழைய சிலை மட்டும் இல்லை. தெய்வத்தின் உருவத்தை வருணிக்கும் தியான சுலோகம் இருக்கிறது. சிற்ப நூல்கள் வகுத்த தாள அளவு இருக்கிறது. ஆசான் காட்டிய முறை இருக்கிறது. தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை, தொடை எல்லாவற்றுக்கும் விகிதம் காண்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிக்கிறார். காவிரியின் வண்டல் மண்ணால் அதைப் பொதிகிறார். சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். பிறகு அச்சை உடைக்கிறார். எனவே ஒரே அச்சில் இரண்டு சிலைகள் பிறப்பதில்லை. அடுத்த நடராசருக்கு மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைப் பின்பற்றுகிறது, ஒவ்வொன்றும் புதிது. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசரைச் சுவாமிமலை ஸ்தபதிகள் இந்த முறையிலேயே வார்த்தார்கள். சிதம்பரம், கோனேரிராஜபுரம், தஞ்சாவூர் ஆகிய மூன்று தலங்களின் நடராசர்களைப் பார்த்து அமைத்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அப்படிச் சொன்னதால் அதன் பெருமை குறையவில்லை. தந்தை பெயரைச் சொல்லும் மகனைப் போல அது நிமிர்ந்து நிற்கிறது.

வழிபாட்டின் நோக்கில் இன்னொரு வினா எழுகிறது. சிவபுரத்தில் புதிய வார்ப்பின் முன் ஆண்டுக்கணக்கில் கற்பூரம் காட்டி வணங்கிய மக்களின் பக்தி பொய்யாகிவிட்டதா? ஆகம மரபு உலோகத்தின் வயதைக் கேட்பதில்லை. முறைப்படி உருவேற்றிக் கண் திறந்த திருமேனியில் இறைவன் எழுந்தருளுகிறான் என்பதே அதன் கொள்கை. பின்னமான மூர்த்தத்தை மாற்றிப் புதியதை வைக்கவும் அது வழி சொல்கிறது. ஆகவே அவர்கள் வணங்கியதில் எந்தக் குறையும் இல்லை. அவர்களிடம் கேட்காமல், அவர்களுக்குத் தெரியாமல் அந்த மாற்றம் நடந்ததுதான் கொடுமை. அருங்காட்சியகத்தின் கண்ணுக்கு இழப்பு பத்தாம் நூற்றாண்டுச் செம்பு. ஊரின் கண்ணுக்கு இழப்பு நம்பிக்கை. அந்தச் செம்பு 1986இல் கடல் கடந்து திரும்பிவிட்டது.

நம் காலத்தில் படியெடுத்தல் கருவிகளின் கைக்கும் வந்துவிட்டது. வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் கொண்ட பிரான்சின் லாஸ்கோ குகை 1940இல் கண்டறியப்பட்டு, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் சுவரில் பாசியும் படிகமும் படரத் தொடங்கியதால் 1963இல் மூடப்பட்டது; 1983இல் அருகிலேயே அதன் படிக் குகை திறக்கப்பட்டது. மூலத்தைக் காப்பதற்காகவே மக்களைப் படியிடம் அனுப்பும் ஏற்பாடு இது. அஜந்தாவில் வார்னிஷ் பூசியவர்கள் மறந்த கடமையை இது நிறைவேற்றுகிறது. வெனிஸில் வேறொரு வகை. ஓவியர் வெரோனேஸே 1563இல் அங்குள்ள ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கென்று தீட்டிய, விவிலியத்தில் வரும் கானாவூர்த் திருமண ஓவியத்தை 1797இல் நெப்போலியனின் படை பாரிசுக்கு எடுத்துச் சென்றது; இன்றும் அது லூவ்ரில் இருக்கிறது. அதன்மேல் கை படாமல் ஒளிக்கருவியால் நுணுக்கமாக அளவெடுத்து உருவாக்கிய முழு அளவுப் படி ஒன்று 2007இல் அந்த உணவுக்கூடத்தின் அதே சுவரில் ஏற்றப்பட்டது. ஓவியத்துக்குள் வரையப்பட்ட தூண்களும் கூடத்தின் உண்மையான கட்டமைப்பும் அங்கே மீண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றன. லூவ்ரில் மூலத்தால் அதைச் செய்ய முடியவில்லை. ஆனால் படி கிடைத்துவிட்டதே, இனி மூலத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று கொண்டு போனவர்கள் சொல்வதற்கு இத்தகைய படிகள் சாக்காகிவிடக்கூடாது. கொண்டு போனவரிடம் மூலமும் இழந்தவரிடம் படியும் தங்கிவிடும் பங்கீட்டை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

கடைசியாக ஜப்பானின் நாரா அருகே உள்ள ஹோர்யூஜி கோயிலுக்கு வர வேண்டும். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரக் கட்டடங்களுள் ஒன்றான அதன் பொன் மண்டபத்தின் 12 சுவர்களில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட புத்தர், போதிசத்துவர் ஓவியங்கள் இருந்தன. அஜந்தாவோடு அவற்றுக்கு உறவு உண்டு என்று கலை வரலாற்றாளர்கள் நெடுங்காலமாகப் பேசிவந்தார்கள். அராய் காம்போ என்ற ஜப்பானிய ஓவியர் ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் இந்தியா வந்து, கல்கத்தாவில் மாணவர்களுக்குக் கற்பித்து, அஜந்தாவுக்கும் சென்று படி எடுத்தவர். 1940இல் ஹோர்யூஜி சுவரோவியங்களைப் படியெடுக்கும் பெரும் பணியை ஜப்பானிய அரசு தொடங்கியபோது, அதன் நான்கு குழுக்களில் ஒன்றுக்கு அவர் தலைவரானார். கடும் ஒளியும் வெப்பமும் சுவரைத் தாக்காமல் இருக்க, அந்நாட்டில் அப்போதுதான் அறிமுகமாகிய ஒளிர்குழல் விளக்குகளை அங்கே பொருத்தினார்கள். அவ்வளவு கவனமாகத் தொடங்கிய பணி போரால் தடைப்பட்டு நீண்டது. பணி முடியுமுன் 1945இல் அராய் காம்போ இறந்தார்.

1949ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி விடியற்காலை அந்த மண்டபத்தில் தீப்பிடித்தது. படியெடுத்த ஓவியர்கள் குளிருக்காகப் பயன்படுத்திய மின்சார இருக்கைத் திண்டு காரணமாக இருக்கலாம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. காரணம் ஐயமற நிறுவப்படவில்லை. சுவரோவியங்கள் வண்ணம் கருகிப் போயின. அந்த அதிர்ச்சியின் விளைவாக மறு ஆண்டே ஜப்பானில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1935இல் முழு அளவில் எடுக்கப்பட்டிருந்த ஒளிப்படக் கண்ணாடித் தகடுகளையும், தீக்கு முன் வரைந்த படிகளையும் அடிப்படையாகக் கொண்டு 1967, 1968ஆம் ஆண்டுகளில் ஓவியர்கள் கூடி மீண்டும் வரைந்தார்கள். இன்று மண்டபத்துக்குள் செல்பவர் காண்பது அந்தப் படிகளை. அவை படிகள் என்று அங்கே யாரும் மறைப்பதில்லை. கருகிய மூலச் சுவர்களையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. பசை ஏற்றிக் கெட்டிப்படுத்தி, கோயில் வளாகத்திலேயே ஒரு காப்பறையில், எரிந்த தூண்களோடு, முன்பு நின்ற அதே வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.